பிரெஞ்சுக்காரர் என்றால் யார்? செப்டம்பரில் கிளம்பும் மாணவர்களுக்கு என்ன சொல்லி அனுப்புவது?

அடையாறு வாசகர் (கேள்வி)

வணக்கம். வரும் செப்டம்பரில் பிரான்ஸுக்கு மேற்படிப்புக்குப் போகும் சென்னைப் பிள்ளைகளுக்காக எங்கள் வாசகர் வட்டத்தில் இரண்டு மணி நேரக் கூட்டம் ஒன்று வைக்கிறோம். சுற்றுலாப் புத்தகத்தில் இருப்பதை அவர்களே படித்துக்கொள்வார்கள். அந்த நாடு தன்னை எப்படி ஒரு தேசமாக நினைக்கிறது, அது அன்றாடத்தில் எங்கே வந்து இடிக்கும் என்பதைத்தான் பேச விரும்புகிறோம். தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

1. பிரெஞ்சு அரசு விண்ணப்பங்களில் மதம், இனம், சமூகம் என்று எந்தக் கட்டமும் இல்லை. ஏன்? அப்படியானால் பிரெஞ்சுக்காரர் யார் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?
2. அத்தனை பெரிய நாட்டில் ஒரே ஆட்சிமொழி எப்படி வந்தது?
3. இனிஷியல் போட்டு எழுதும் நம் பெயர்களை அங்கே எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்?
4. இரண்டு மாணவர்களின் வீட்டில், "எங்கள் தாத்தா புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடிமகன்" என்கிறார்கள். அதில் இன்று ஏதாவது வழி உண்டா?

பழைய மாம்பலம்

முதல் கேள்வியைச் சரியாகச் சொல்லிவிட்டால் மற்ற மூன்றுக்கும் பாதி விடை வந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் ஆளுக்கும் அரசுக்கும் நடுவில் பல அடுக்குகள் இருக்கின்றன. சாதிச் சான்றிதழ் தாசில்தார் கையெழுத்தோடு வருகிறது. திருமணச் சட்டம் மதத்தைப் பொறுத்து மாறுகிறது. மாநிலங்களே 1956இல் மொழிவாரியாகப் பிரிந்தவை. இந்த அடுக்குகளை அங்கீகரித்துத்தான் நம் அரசியல் சட்டம் நியாயம் தேடுகிறது. பிரான்ஸ் 1789 புரட்சி முதல் நேர் எதிர்த் திசையில் போயிருக்கிறது. ஒரு பக்கம் குடிமகன், மறுபக்கம் குடியரசு. நடுவில் யாரும் கிடையாது. புரட்சிக்கு முன்னால் அங்கே பாதிரிகள், பிரபுக்கள், மற்றவர்கள் என்று மூன்று வகுப்புகள். வகுப்புக்கு ஒரு வரி, வகுப்புக்கு ஒரு சலுகை. அதை உடைத்ததைத்தான் அவர்கள் தங்கள் தேசத்தின் பிறப்பாகக் கருதுகிறார்கள். அதனால் 'குழு உரிமை' என்ற சொல்லைக் கேட்டாலே பழைய சலுகைகள் திரும்பி வருவதுபோல் அவர்களுக்குத் தோன்றும். மாணவர்களுக்கு இந்த உணர்வைப் புரியவைப்பது முக்கியம். இல்லையென்றால் அதை வெறும் பிடிவாதம் என்று நினைத்துவிடுவார்கள்.

உதாரணம் வேண்டுமென்றால் 1789 டிசம்பரில் யூதர்களின் குடியுரிமை பற்றி நடந்த விவாதத்தைச் சொல்லுங்கள். யூதர்களுக்கு ஒரு தனி இனமாக எதுவும் தரக்கூடாது, தனி மனிதர்களாக எல்லாமே தர வேண்டும் என்று கிளெர்மோன்-தொன்னேர் என்ற உறுப்பினர் புரட்சி அவையில் வாதிட்டார். 1791 செப்டம்பரில் அவர்களுக்கு முழுக் குடியுரிமை கிடைத்தது. இருநூறு ஆண்டு கழித்தும் அதே தர்க்கம்தான். 1991இல் ஒரு சட்டம் பிரான்ஸின் தீவான கோர்சிகாவின் மக்களை "பிரெஞ்சு மக்களின் ஓர் அங்கமான கோர்சிக மக்கள்" என்று குறிப்பிட்டது. அரசியலமைப்பு மன்றம் அந்த வரியை அடித்துவிட்டது. பிரெஞ்சு மக்கள் என்று ஒரே மக்கள்தான், அதற்குள் இன்னொரு 'மக்கள்' இருக்க முடியாது என்பது தீர்ப்பு. 1958 அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு குடியரசைப் பிரிக்க முடியாதது, மதச்சார்பற்றது, ஜனநாயகமானது, சமூகநலம் சார்ந்தது என்று நான்கு சொற்களில் வரையறுக்கிறது. அதில் 'பிரிக்க முடியாதது' முதலில் நிற்பது தற்செயலாக அல்ல.

விண்ணப்பத்தில் கட்டம் இல்லாததற்கு நேரடிக் காரணம் 1978 ஜனவரி 6ஆம் தேதிச் சட்டம். இனம், மதம் பற்றிய தனிநபர் தகவலைத் திரட்டுவதை அது பொதுவாகத் தடுக்கிறது, சில விதிவிலக்குகள் உண்டு. 2007 நவம்பரில் அரசியலமைப்பு மன்றம், இன வகைப்பாட்டை அடிப்படையாக வைத்துக் கணக்கெடுக்க முடியாது என்று இன்னும் இறுக்கியது. தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்ஸே கேட்பது பிறந்த நாடு, தேசியம் போன்றவற்றை மட்டுமே. 'குடியேறியவர்' என்ற சொல்லுக்கும் அவர்களிடம் கறாரான வரையறை இருக்கிறது: வெளிநாட்டில் வெளிநாட்டவராகப் பிறந்து பிரான்ஸில் வசிப்பவர். பின்னால் குடியுரிமை வாங்கினாலும் அவர் அந்தக் கணக்கில் 'குடியேறியவர்' ஆகவே இருப்பார். 2023இல் இந்த வகையில் சுமார் 73 லட்சம் பேர், மக்கள்தொகையில் 10.7 சதவீதம். அங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைகள் இதில் வரமாட்டார்கள். செய்திகளில் இந்த எண் குழப்பப்படுவது அடிக்கடி நடக்கிறது, பிள்ளைகளை எச்சரியுங்கள்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. எண்ணாத ஒன்றை நிரூபிப்பது கடினம். வேலையில், வீட்டு வாடகையில் பாகுபாடு நடக்கிறதா என்று பார்க்க அவர்கள் 'டெஸ்டிங்' என்ற சுற்றுவழியைப் பிடித்தார்கள். ஒரே படிப்பு, ஒரே அனுபவம், பெயர் மட்டும் வேறு என்று இரண்டு விண்ணப்பங்களை அனுப்பி, யாருக்குப் பதில் வருகிறது என்று பார்ப்பது. 2006இலிருந்து குற்றவியல் வழக்கில் இதைச் சாட்சியமாக வைக்கச் சட்டமே இடம் தருகிறது.

குடியுரிமை பற்றிச் சுருக்கமாக: தாயோ தந்தையோ பிரெஞ்சுக்காரர் என்றால் பிள்ளை பிரெஞ்சு. பிரான்ஸில் பிறந்த வெளிநாட்டவருக்கு பிரான்ஸிலேயே பிறக்கும் பிள்ளை பிறக்கும்போதே பிரெஞ்சு. வெளிநாட்டில் பிறந்த வெளிநாட்டுப் பெற்றோரின் பிள்ளை அங்கே பிறந்தால், பதினொரு வயதுக்குப் பிறகு மொத்தம் ஐந்து ஆண்டாவது அங்கே வாழ்ந்து, பதினெட்டு வயதில் அங்கே வசித்துக்கொண்டிருந்தால் தானாகவே பிரெஞ்சு ஆகிவிடும். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுப் பகுதியான மயோத் தீவில் மட்டும் நிபந்தனை கடுமை. குடியேறி விண்ணப்பிப்பவருக்கு ஐந்து ஆண்டு வசிப்பு. அங்கேயே இரண்டு ஆண்டு உயர்கல்வி படித்துப் பட்டம் வாங்கினால் அது இரண்டு ஆண்டாகக் குறையும். ஆனால் 2024 ஜனவரிச் சட்டத்தின்படி 2026 ஜனவரி 1 முதல் மொழித் தகுதி (ஏ1 முதல் சி2 வரையான ஐரோப்பிய மொழித் தேர்ச்சிப் படிகளில்) பி1இலிருந்து பி2 ஆக உயர்ந்துவிட்டது. குடிமைத் தேர்வும் சேர்ந்திருக்கிறது. பி1 போதும் என்று யாராவது பழைய கணக்கைச் சொன்னால் நம்ப வேண்டாம்.

துறைமுகச் சாலை

மாம்பலம் சார் எழுதியது கொள்கை அளவில் சரி. ஆனால் விதிவிலக்குகளைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் ஸ்ட்ராஸ்பூர்கில் இறங்கியதும் குழம்புவார்கள்.

சமயத்தையும் அரசையும் பிரித்த சட்டம் 1905 டிசம்பர் 9இல் வந்தது. அப்போது ஸ்ட்ராஸ்பூர்க் இருக்கும் அல்சாசும் மெட்ஸ் இருக்கும் மோசெல் பகுதியும் ஜெர்மனியின் கையில் இருந்தன. 1918இல் திரும்பி வந்தபோது பழைய ஏற்பாட்டை அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றும் அங்கே கத்தோலிக்க, லுத்தரன், கால்வினிய, யூத குருமாருக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது. ஸ்ட்ராஸ்பூர்க், மெட்ஸ் ஆயர்களைப் பெயரளவில் நியமிப்பது குடியரசுத் தலைவர். நாட்டின் 11 பொது விடுமுறைகளோடு அங்கே டிசம்பர் 26 கூடுதல், ப்ரொட்டஸ்டன்ட் தேவாலயம் உள்ள ஊர்களில் புனித வெள்ளியும் சேரும்.

அந்த 11இல் ஆறு கிறிஸ்தவ நாட்கள்: ஈஸ்டர் திங்கள், விண்ணேற்றம், பெந்தெகொஸ்தே திங்கள், மாதா விண்ணேற்புத் திருநாளான ஆகஸ்ட் 15, அனைத்துப் புனிதர் திருநாளான நவம்பர் 1, கிறிஸ்துமஸ். மதச்சார்பின்மை என்றால் நாட்காட்டியையும் துடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை.

இன்னொன்று பசிபிக் கடலில் உள்ள பிரெஞ்சுப் பகுதியான நியூ கலிடோனியா. 1998 மே மாத நூமேயா ஒப்பந்தம் அங்கே 'கலிடோனியக் குடியுரிமை' என்று தனியாக ஒன்றை ஏற்றுக்கொண்டது. அங்கே எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கில் எந்தச் சமூகத்தவர் என்ற கேள்வியும் உண்டு. பிரிக்க முடியாத குடியரசும் தேவைப்பட்டபோது வளைந்து கொடுத்திருக்கிறது.

செண்பகம்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரே மொழி இயல்பாக வந்தது அல்ல, உழைத்துக் கொண்டுவந்தது.

1539இல் முதலாம் பிரான்சுவா மன்னர் வில்லேர்-கொத்ரே ஆணையில் நீதிமன்ற ஆவணங்களை லத்தீனில் எழுதக்கூடாது, பிரெஞ்சில்தான் எழுத வேண்டும் என்றார். அது ஆவணத்துக்கான மொழி, மக்கள் மொழி அல்ல. 1794இல் அபே கிரெகுவார் என்ற பாதிரியார் புரட்சி அவையில் வைத்த அறிக்கையைப் பாருங்கள்: கிராமப்புறங்களில் குறைந்தது அறுபது லட்சம் பேருக்கு பிரெஞ்சே தெரியாது, இன்னும் ஏறக்குறைய அத்தனை பேரால் தொடர்ந்து உரையாட முடியாது, சுத்தமாகப் பேசுபவர் முப்பது லட்சத்துக்கு மேல் இல்லை. பிரிட்டனியில் பிரெத்தோன், தெற்கே ஒக்சித்தான், பிரனே மலை ஓரம் பாஸ்க்கும் கத்தலானும், கிழக்கே அல்சாசியம், தீவில் கோர்சிகம். மன்னராட்சிக்கு இது பொருட்டாக இல்லை. குடியரசுக்குத்தான் பிரச்சினை ஆயிற்று. சட்டத்தைத் தானே படித்துப் புரிந்துகொள்ள முடியாதவன் எப்படிக் குடிமகனாக இருப்பான் என்பது அவர்கள் வாதம்.

வேலையை முடித்தது பள்ளிக்கூடம். ஜூல் ஃபெர்ரி சட்டங்கள் 1881இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கின, 1882இல் கட்டாயமாகவும் மதச்சார்பற்றதாகவும் ஆக்கின. பிரெத்தோன் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையையோ பழைய செருப்பையோ தொங்கவிடுவார்கள், அடுத்துத் தாய்மொழி பேசி மாட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு அது கைமாறும். இங்கே சில ஆங்கிலவழிப் பள்ளிகளில் தமிழ் பேசினால் அபராதம் என்று கேள்விப்படுகிறோமே, அந்தக் காயம் எப்படிப்பட்டது என்று நம் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். பிறகு முதல் உலகப்போர்ப் படையணிகளில் வெவ்வேறு வட்டார ஆட்கள் கலந்தார்கள், வானொலி வந்தது, மொழி மாற்றம் முடிந்தது.

வருத்தமான செய்தி: 1951இல் தெய்க்சோன் சட்டம் பிரெத்தோன், பாஸ்க், கத்தலான், ஒக்சித்தான் நான்கையும் பள்ளியில் விருப்பப்பாடமாக அனுமதித்தபோது பல வீடுகளில் தாய்மார்களே பிள்ளைகளோடு அந்த மொழியைப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். "குடியரசின் மொழி பிரெஞ்சு" என்ற வரி அரசியல் சட்டத்தில் ஏறியது 1992இல்தான். வட்டார மொழிகள் பிரான்ஸின் மரபுச் செல்வம் என்ற 75-1 பிரிவு 2008இல் சேர்ந்தது. ஐரோப்பிய வட்டார மொழிகள் சாசனத்தில் 1999இல் கையெழுத்திட்டார்கள், இன்றுவரை உறுதிசெய்யவில்லை. எட்டாவது அட்டவணையில் 22 மொழிகளை வைத்திருக்கும் நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். ஆனால் அதே பிடிப்புதான் ஒரு பாதுகாப்பாகவும் வேலை செய்கிறது. 1994 ஆகஸ்ட் மாதத் துபோன் சட்டத்தையும் தொழிலாளர் சட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்: எழுதித் தரும் வேலை ஒப்பந்தம் பிரெஞ்சில் இருக்க வேண்டும். தொழிலாளி வெளிநாட்டவர் என்றால், அவர் கேட்டால் அவர் மொழியில் மொழிபெயர்ப்பும் தர வேண்டும். இரண்டு பிரதிகளும் முரண்பட்டால் தொழிலாளிக்கு எதிராக முதலாளி காட்ட முடிவது தொழிலாளியின் மொழிப் பிரதியை மட்டுமே. பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவர்களுக்கு இது தெரிந்திருக்கட்டும்.

ஆங்கிலத்தில் நடக்கும் முதுநிலைப் படிப்பில் சேருகிறவர்களும் கவனியுங்கள். வகுப்பறை மட்டும்தான் ஆங்கிலம். வாடகை ஒப்பந்தம், வங்கி, காப்பீடு, மாகாண அலுவலகம் எல்லாம் பிரெஞ்சு. ஏ2 அளவாவது இங்கேயே முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

சான்றொப்பம்

மூன்றாவது கேள்வி. அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

1794 ஆகஸ்ட் 23ஆம் தேதிச் சட்டம் ஒன்று இன்றும் அமலில் இருக்கிறது: எந்தக் குடிமகனும் பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரைத் தாங்கக்கூடாது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1792 செப்டம்பரில், பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளைத் தேவாலயத்திடமிருந்து நகராட்சிக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே அவர்கள் பார்வையில் ஒரு மனிதரின் ஆதாரம் பிறப்புச் சான்றிதழ். நமக்கோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்தான் ஆதாரம். பிரச்சினையின் வேர் இது.

அங்கே எல்லாப் படிவத்திலும் இரண்டு கட்டம்: குடும்பப் பெயர், அதாவது 'நோம்', சொந்தப் பெயர், அதாவது 'ப்ரெநோம்'. குடும்பப் பெயரைப் பெரிய எழுத்தில் முதலில் எழுதுவது வழக்கம். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் ஒவ்வோர் அலுவலகமும் தனக்குத் தோன்றியபடி நிரப்பும். பல்கலைக்கழகத்தில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர், காப்பீட்டில் ஒரு பெயர் என்று மூன்று ஆட்கள் உருவாகிவிடுவார்கள். பிறகு அவற்றை ஒன்றாக்க மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் பெயர் பதியாமலே விட்டிருந்தால் அதைச் சேர்க்கவும். தாய் தந்தை பெயர் இரண்டும் இருக்க வேண்டும், சுருக்கப் பிரதி உதவாது. அடுத்து கடவுச்சீட்டில் இனிஷியலை விரித்து, இரண்டு கட்டமும் நிரம்பியபடி மாற்றிக்கொள்ளுங்கள். பிரான்ஸில் படிக்க விண்ணப்பிக்கும் கேம்பஸ் பிரான்ஸ் தளத்தில் பதிவைத் தொடங்கும் முன் இதை முடிக்க வேண்டும், ஏனென்றால் அங்கிருந்துதான் எல்லா இடத்துக்கும் பெயர் நகலாகிறது. மதிப்பெண் பட்டியலில் பெயர் வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று பிரமாணப் பத்திரம் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறப்புச் சான்றிதழுக்கு, ஆவணம் வெளிநாட்டில் செல்லும்படி வைக்கப்படும் அப்போஸ்டில் முத்திரை முதலில், மொழிபெயர்ப்பு பிறகு. இந்த வரிசையைப் பலர் மாற்றிவிடுகிறார்கள். முத்திரையில் உள்ள வாசகமும் மொழிபெயர்ப்பில் வர வேண்டும் என்பதால் முன்கூட்டிச் செய்த மொழிபெயர்ப்பு வீணாகும். மாநில அரசின் சான்றொப்பம், அடுத்து வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், கடைசியாக பிரெஞ்சு நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளர்.

திருமணமான பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிரெஞ்சுச் சட்டத்தில் பெண்ணின் பெயர் திருமணத்தால் மாறுவதில்லை. கணவர் பெயர் விரும்பினால் புழங்கும் பெயர், அவ்வளவுதான். கடவுச்சீட்டில் கணவர் பெயரைச் சேர்த்திருந்தாலும் 'பிறப்புப் பெயர்' என்று கேட்கும் இடத்தில் பிறப்புச் சான்றிதழில் உள்ளதையே எழுத வேண்டும். 'மத்மோசெல்' என்ற கட்டம் 2012இல் அரசுப் படிவங்களிலிருந்து போய்விட்டது, திருமணமானாலும் ஆகாவிட்டாலும் 'மதாம்'.

அஞ்சல் பெட்டியை மறக்க வேண்டாம். பல கட்டடங்களில் வீட்டு எண்ணே கிடையாது, தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடும். வங்கி அட்டையும் காப்பீட்டு அட்டையும் இப்படித்தான் காணாமல் போகின்றன. குடியேறிய அன்றே கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரை ஒட்டிவிட வேண்டும். இன்னொருவர் வீட்டில் தங்கினால் முகவரியில் 'ஷே' என்று போட்டு வீட்டுக்காரர் பெயரைச் சேர்க்க வேண்டும்.

காரைக்கால் எக்ஸ்பிரஸ்

நான்காவது கேள்விக்கு முதலில் நேரடிப் பதில்: தாத்தா பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தார் என்பது மட்டும் போதாது.

1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28. சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அந்தக் கடைசித் தேதிதான் கணக்கு. அன்று புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் பகுதிகளில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சு நாட்டவர் இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள், அதாவது 1963 பிப்ரவரி நடுவுக்குள், எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருந்தது. இங்கே பிறந்து அந்தத் தேதியில் இந்தியாவுக்கு வெளியே, உதாரணமாக சைகோனில், குடியிருந்தவர்கள் தானாகவே பிரெஞ்சுக்காரராகத் தொடர்ந்தார்கள்.

ஆகவே அந்தக் குடும்பங்கள் தேட வேண்டியது ஒன்று விருப்பத் தெரிவுப் பத்திரம், அல்லது 1962 ஆகஸ்டில் வெளிநாட்டில் குடியிருந்ததற்குச் சான்று. அதோடு தாத்தாவிலிருந்து பேரப்பிள்ளை வரை ஒவ்வொரு பிறப்பும் திருமணமும் பதிவாகி, சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். பெயர் எழுத்துக்கூட்டல் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருந்தால் அங்கேயே மனு நிற்கும்.

அதற்கும் மேலே ஒரு சுவர்: பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 30-3ஆம் பிரிவு. குடும்பம் ஐம்பது ஆண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே வசித்து, அந்தக் காலத்தில் மனுதாரரோ அவருக்குக் குடியுரிமை தரக்கூடிய பெற்றோரோ பிரெஞ்சுக்காரராக நடத்தப்படவில்லை என்றால் (கடவுச்சீட்டு, தூதரகப் பதிவு, வாக்காளர் பட்டியல் எதுவும் இல்லை என்றால்) பரம்பரை வழியாகக் குடியுரிமையை நிரூபிக்கவே அனுமதி இல்லை. 1962இலிருந்து எண்ணினால் அந்த ஐம்பது 2012 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. தூதரகத்தோடு தொடர்பு விடாமல் வைத்திருந்த வீடுகளுக்கு மட்டும் இன்னும் வாய்ப்பு உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்களின் குடியுரிமைச் சான்றிதழ் மனு பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போகும். "ஆறு மாதத்தில் வாங்கித் தருகிறோம்" என்று சொல்லும் இடைத்தரகர்களிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

கிடைத்தாலும் இந்தியப் பக்கத்தை யோசிக்க வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. தானாக விரும்பி வேறு குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைதான்.

நம் கூட்டத்தில் இன்னொரு விஷயம் சொல்லப்பட்டால் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. மாம்பலம் சார் சொன்ன 'நடுவில் யாரும் இல்லாத குடிமகன்' என்ற கருத்தை முதலில் சோதித்துப் பார்த்தவர்களில் தமிழர்களும் உண்டு. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை, புதுச்சேரிப் பகுதி இந்தியர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வர வழி செய்தது. அப்படித் துறந்தவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர். துறக்கும்போது நிலையான ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' ஆனது அப்படித்தான். புதுச்சேரிக் குடும்பங்களில் இன்றும் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்கள் இருப்பதற்குக் காரணம் இது.

இன்னொருவர் கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பின் ஆன்ரி சிதம்பரம். அடிமை முறை 1848இல் ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கொண்டுபோனார்கள். முதல் கப்பல் 1853இல் மார்த்தினிக், 1854 டிசம்பரில் குவாதலூப். அவர்களுடைய பிள்ளைகள் அந்த மண்ணில் பிறந்தவர்கள், வரி கட்டினார்கள், ஆனால் வாக்குரிமை மறுக்கப்பட்டது. சிதம்பரம் 1904இல் அவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தொடங்கிய வழக்கு 1923 வரை நீண்டது. வென்றார். குடியரசு தன் சொல்லைக் காப்பாற்றட்டும் என்பதே அவர் கேட்டது, தனிச் சலுகை எதுவும் கேட்கவில்லை. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவில் 'மல்பார்' என்று அழைக்கப்படுகிறவர்களில் பெரும்பகுதி தமிழ் வம்சாவளியினர். 1946 முதல் அது பிரான்ஸின் ஒரு மாவட்டம், எண் 974.

அடையாறு வாசகர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கூட்டத்தின் பாதி இங்கேயே தயாராகிவிட்டது. இரண்டு சின்னக் கேள்விகள் மட்டும். மதச் சின்னங்கள் விஷயத்தில் மாணவர்களுக்கு எது தடை, எது தடை இல்லை? முதல் மாதத்தில் பழக்கவழக்கத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய மாம்பலம்

சின்னங்கள்: 2004 மார்ச் 15 சட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். பளிச்சென்று தெரியும் மதச் சின்னம் கூடாது. முக்காடு, சீக்கியத் தலைப்பாகை, பெரிய சிலுவை எல்லாம் இதில் அடங்கும், சட்டைக்குள் போகும் சின்னப் பதக்கம் பரவாயில்லை. பல்கலைக்கழக மாணவர்களுக்கு இது பொருந்தாது. முகத்தை மூடுவதற்கான தடை 2010 அக்டோபர் சட்டம், அது தெரு உட்பட எல்லாப் பொது இடத்துக்கும். நடுநிலை காக்க வேண்டியவர் அரசு ஊழியர், அவரிடம் சேவை பெற வருபவர் அல்ல. பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கும் பகுதிநேர வேலை கிடைத்தால் அன்றைக்கு நீங்களும் அரசு ஊழியர் தரப்பு. இந்த நுட்பத்தைச் சொல்லி அனுப்புங்கள்.

கோயில் ஒப்பீடு ஒன்று கூட்டத்தில் எடுபடும். இங்கே அறநிலையத் துறை கோயில் நிர்வாகத்தையே பார்க்கிறது. அங்கே 1905க்கு முந்திய பெரும்பாலான தேவாலயக் கட்டடங்கள் நகராட்சிச் சொத்து, பேராலயங்கள் பெரும்பாலும் அரசின் சொத்து. கூரை ஒழுகினால் அரசு பார்க்கும், பூசையில் தலையிடாது. திருமணமும் அப்படித்தான். நகராட்சி மன்றத்தில் நடப்பது மட்டுமே செல்லும், அது முடிந்த பிறகே தேவாலயமோ கோயிலோ. பதிவுத் திருமணச் சான்று பார்க்காமல் மதச் சடங்கை வழக்கமாக நடத்தி வைக்கும் குருவுக்கு ஆறு மாதச் சிறையும் 7,500 யூரோ அபராதமும் வரை சட்டத்தில் இடம் உண்டு.

செண்பகம்

பழக்கத்தில் முதலாவது 'போன்ஜூர்'. கடையிலோ அலுவலகத்திலோ பேருந்து ஓட்டுநரிடமோ அதைச் சொல்லாமல் நேரே கேள்விக்குப் போனால் மரியாதை இல்லாதவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நாம் "அண்ணா, தாம்பரம் போகுமா?" என்று உறவு வைத்து ஆரம்பிக்கிறோம் இல்லையா, அந்த இடத்தில் அங்கே இந்தச் சொல் நிற்கிறது. அதோடு 'மதாம்' அல்லது 'மொசியே' சேர்த்தால் நல்லது. உறவுமுறை வைத்து அந்நியரை அழைக்கக்கூடாது.

'வூ', 'தூ' இரண்டும் நீங்கள், நீ மாதிரிதான், ஆனால் அளவுகோல் வேறு. நமக்கு வயது. அவர்களுக்கு நெருக்கம். சக மாணவர் எல்லோரும் முதல் நாளிலிருந்தே 'தூ'. பேராசிரியர், அலுவலர், கடைக்காரர் எப்போதும் 'வூ'. நடுவில் இருப்பவர்களிடம் 'வூ' என்றே தொடங்கி, அவர்கள் மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

சாப்பாட்டு நேரம் கறார். பன்னிரண்டிலிருந்து இரண்டு, மாலை ஏழரைக்குப் பிறகு. சிற்றூர்களில் மூன்று மணிக்குச் சமையலறை பூட்டியிருக்கும். ஆகஸ்டில் பாதி நகரம் விடுமுறையில் போய்விடும்: ஆண்டுக்கு ஐந்து வாரச் சம்பள விடுப்பு சட்டப்படி உரிமை, 1936இல் இரண்டு வாரமாகத் தொடங்கி 1982இல் ஐந்தானது. வீடு பார்க்கிற வேலையை ஆகஸ்டுக்குத் தள்ளாதீர்கள். ரொட்டி வாங்கும்போது 'திராதிசியோன்' என்று கேட்டால் 1993 ஆணைப்படி மாவு, தண்ணீர், உப்பு, புளிப்பூட்டி இவற்றை வைத்துச் செய்தது, எந்தக் கட்டத்திலும் உறையவைக்காதது.

சான்றொப்பம்

அலுவலக விஷயத்தில் இரண்டு சேர்க்கிறேன். வாய்ப்பேச்சுக்கு அங்கே எடை இல்லை. வீட்டைக் காலி செய்வதென்றால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். மரச்சாமான் உள்ள வீட்டுக்கு ஒரு மாதம், இல்லாததற்கு மூன்று மாதம் முன்னறிவிப்பு. வீட்டு நெருக்கடி உள்ள நகரங்களில் இரண்டாவதும் ஒரு மாதம்தான், ஆனால் அந்தக் காரணத்தைக் கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும்.

நீண்டகால மாணவர் விசாவை இறங்கிய மூன்று மாதத்துக்குள் இணையத்தில் செல்லுபடியாக்க வேண்டும். புதுப்பிக்க, முடியும் தேதிக்கு நான்கு மாதம் முன்பிலிருந்து இரண்டு மாதம் முன்பு வரை. வசிப்பு அனுமதி மனுவுக்குச் சட்டம் குறித்த காலத்துக்குள் பதிலே வராவிட்டால் சம்மதம் என்று எண்ண வேண்டாம், அது மறுப்பு.

கூட்டத்தில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. பிரெஞ்சு சமூகப் பாதுகாப்பு எண் 15 இலக்கம். ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2, பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், மாதம் இரண்டு இலக்கம், மாவட்டம் இரண்டு, ஊர் மூன்று, பதிவு வரிசை மூன்று, சரிபார்ப்பு இரண்டு. அந்தச் சரிபார்ப்பு எண், முதல் 13 இலக்கத்தை 97ஆல் வகுத்து வரும் மீதியை 97இலிருந்து கழித்தது. வெளிநாட்டில் பிறந்தவருக்கு மாவட்டத்தின் இடத்தில் 99, ஊரின் இடத்தில் நாட்டின் எண், இந்தியாவுக்கு 223. 2003 மார்ச்சில் சென்னையில் பிறந்த பெண்ணின் எண் 2 03 03 99 223 என்று தொடங்கும். ஆளுக்கொரு தாள் கொடுத்து முதல் பத்து இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள். மயிலாப்பூரில் பிறந்தவருக்கும் மானாமதுரையில் பிறந்தவருக்கும் அந்தப் பத்தில் கடைசி ஐந்து இலக்கம் 99223 என்றே வரும்.